எனக்கென்று ஞாயிற்றுக்கிழமையில் 2 மணி நேரம்

பாபநாசம் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். வீடு தஞ்சாவூரில் இருக்கிறது. ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் குறுவைக் கடன் மனுக்கள் குவிந்துவிடும் என்பதால், அந்த நாட்களில் விடியற்காலை 4.30 மணிக்கே எழுந்து, பிள்ளைகள் இருவருக்கும் சமைத்துக் கட்டிவைத்துவிட்டு ரயிலைப் பிடித்தால், திரும்பி வர இரவு 8 மணி ஆகிவிடுகிறது. என் மாமியார் இல்லையென்றால் இந்த வேலையில் நான் நீடித்திருக்கவே முடியாது. இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

இந்த ஆண்டு எனக்கென்று ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டேன்: பெரிய கோயிலின் கல்வெட்டுகளை நானே படிக்க வேண்டும். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது; எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடும் இராது. ஆகவே பொருளை ஊகித்துக்கொண்டேதான் எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கிறது. முதல் இரண்டு மாதம் ஒரு வரிகூடப் பிடிபடவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு காலை, “அக்கன் குடுத்தனவும்” என்ற இடத்தை என் விரல் தொடாமல் தொடர்ந்து வந்தபோது கண் கலங்கிவிட்டது. இராசராசன் தன் கொடைகளோடு தமக்கை குந்தவையின் கொடைகளையும் கல்லில் வெட்டச் சொன்ன வரி அது. அதே கோயிலில், ஆடல் பணிசெய்த, ‘தளிச்சேரிப் பெண்டுகள்’ எனப்பட்ட 400 பெண்களுக்கு வீடும், ஆண்டுக்கு ஆளுக்கு 100 கலம் நெல்லும் தந்த கணக்கு, ஒவ்வொருவர் பெயரோடும் இருக்கிறது. கணக்கெழுதும் பெண்ணான எனக்கு அது வெறும் வரலாறாகத் தோன்றவில்லை.

இப்போது மகளும் உடன் வருகிறாள். அடுத்த வாரம் அந்தப் பெயர்களில் பத்தையாவது இருவரும் சேர்ந்து படித்துவிட எண்ணியிருக்கிறோம்.