சென்னை டு யாழ்ப்பாணம்: ஒன்னேகால் மணி நேரத்துல முடியவேண்டியது, எனக்கு 17 மணி நேரம் ஆச்சு

காலேஜ் ஃபிரெண்டோட கல்யாணம், யாழ்ப்பாணத்துல. டிக்கெட் போட நான் வழக்கமா போற ஏஜென்ட்கிட்ட சொன்னேன், அவர் கொழும்புக்குப் போட்டுக் கொடுத்துட்டு "ஒன்றரை மணி நேரம்தான் சார், அங்கேர்ந்து பஸ் நிறைய இருக்கு"ன்னார். நானும் மேப்பைக்கூட பாக்காம தலையாட்டிட்டேன்.

விசா எல்லாம் ஆன்லைன்லயே முடிஞ்சுது. செக்-இன் கவுன்டர்ல ரிட்டர்ன் டிக்கெட் எங்கன்னு கேட்டாங்க. கல்யாணம் முடிஞ்சு என்னைக்குக் கிளம்புவோம்னு தெரியாததால போடவே இல்ல. ஓரமா நின்னு போன்ல அவசர அவசரமா தேடுறேன், யாழ்ப்பாணம்–சென்னை நேரடி ஃபிளைட், ஒன்னேகால் மணி நேரம்னு வருது! இது எப்போ வந்துச்சுன்னு பாத்தா, 2019 அக்டோபர்லயே யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துல இருக்கிற பலாலியை இன்டர்நேஷனல் ஏர்போர்ட்டா திறந்துட்டாங்க, கொரோனால சேவை நின்னுபோய் 2022 டிசம்பர்ல திரும்ப ஆரம்பிச்சிருக்கு. டிக்கெட் போடுறதே தொழிலா வெச்சிருக்கிற மனுஷனுக்கு இது தெரியல. வயித்தெரிச்சலோட ரிட்டர்னை அதுலயே போட்டேன்.

நேர்கோட்டுல சென்னை–பலாலி சுமார் 355 கிலோமீட்டர், சென்னை–கட்டுநாயக்க (அதான் கொழும்பு ஏர்போர்ட் இருக்கிற இடம்) 650 பக்கம். ஆனா பறக்குற நேரத்துல காமணி நேரம்தான் வித்தியாசம், ஏன்னா யாழ்ப்பாணம் போறது ஏடிஆர், இறக்கையில விசிறி சுத்துற சின்ன விமானம், மணிக்கு 500 கிலோமீட்டர் போனா பெருசு, கொழும்புக்கு ஜெட். அதனால டிக்கெட்ல நேரத்தை மட்டும் பாத்தீங்கன்னா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும், ஏமாந்துடாதீங்க.

கட்டுநாயக்கல இறங்கி, தெற்கே கொழும்பு வரைக்கும் ஒரு பஸ், அங்க ராத்திரி பஸ்ஸுக்காக மூணு மணி நேரம் காத்திருப்பு. ஏறி உக்காந்து கொஞ்ச நேரத்துல நீர்கொழும்புன்னு போர்டு வருது, அதாவது நான் மத்தியானம் இறங்கின ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துலயே திரும்ப வந்திருக்கேன். அப்புறம் புத்தளம், அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி. ஏசியில நடுங்கிக்கிட்டே வந்ததுல ஆனையிறவு தாண்டினதுகூட தெரியல. காலையில அஞ்சு மணிக்கு வாசல்ல போய் நின்னா ஃபிரெண்டோட அம்மா, "ஏன் பிள்ளை கொழும்பால வந்தனீங்கள்? பலாலியில இறங்கியிருந்தா தம்பி வந்து கூட்டிக்கொண்டு வந்திருப்பான் தானே"ன்னாங்க. என்னத்த சொல்ல.

திரும்பி வர்றப்போ சுகம்தான். வீட்லேர்ந்து பலாலி அரை மணி நேரம்கூட ஆகல. ஒரே விஷயம், சின்ன விமானங்கிறதால லக்கேஜ்ல கறாரா இருக்காங்க. ஆளாளுக்குக் கொடுத்த ஒடியல் மாவும் (காஞ்ச பனங்கிழங்கு மாவு) பனங்கட்டியும் எடையைத் தாண்டிடுச்சு, தரையில பெட்டியைத் திறந்து வெச்சு, மாவைக் கைப்பைக்கு மாத்தி, ஜீன்ஸ் மேல இன்னொரு பேன்ட் போட்டுக்கிட்டு ஒருவழியா தேத்தினேன். டிக்கெட்ல எத்தனை கிலோன்னு முன்னாடியே பாத்துக்கோங்க, யாழ்ப்பாணத்துக்கான ஊர்க்கோடு ஜேஏஎஃப்தானான்னும் பாத்துக்கோங்க, சிஎம்பின்னா கொழும்பு.

ஏஜென்ட்கிட்ட சர்வீஸ் சார்ஜ் 500 ரூபாயைத் திருப்பிக் கேட்டு வாட்ஸ்அப் பண்ணேன். ப்ளூ டிக் விழுந்து ஒன்பது நாள் ஆச்சு.