கவர் டிரைவ் இல்லாத பத்து மணி நேரம்

நாலு மணி ஆனால் எங்கள் அலுவலகத்தில் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்கும், படியிறங்கி எதிர்க்கடைக்குப் போய்விடுவோம். ஒரு டீ, ஒரு பருப்பு வடை. சில நாள் இரண்டு வடை. பதினெட்டு வருடமாக இப்படித்தான். போன ஆடியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 8.4 என்று வந்தது. இதே சர்க்கரையால்தான் என் அப்பாவுக்கு இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கட்டு மாற்றும்போதெல்லாம் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்.

டாக்டரிடம் "குறைச்சுக்கிறேன்" என்றேன். முதல் வாரம் அரைச் சீனி. இரண்டாவது வாரம் அரைச் சீனியில் இரண்டு டீ. வடை வேண்டாம் என்று நினைத்துக்கொண்டுதான் போவேன். சட்டியிலிருந்து அரிகரண்டியில் அள்ளித் தட்டில் கொட்டுவார்கள். எண்ணெய் இன்னும் பொரிந்துகொண்டிருக்கும், சோம்பு வாசனை முகத்தில் அடிக்கும். சரி, இன்றைக்கு ஒன்று மட்டும். தினமும் அந்த வாசனைக்கு முன்னால் நின்றுகொண்டு புதிதாக முடிவெடுக்கப் பார்த்தேன், தினமும் தோற்றேன்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் சிட்னி ஞாபகத்துக்கு வந்தது.

2004 ஜனவரி. ஆஸ்திரேலியாவில் நாலாவது டெஸ்ட். அதற்கு முன் அந்தத் தொடரில் சச்சின் எடுத்தது 0, 1, 37, 0, 44. ஐந்து இன்னிங்ஸில் மொத்தம் 82. உடம்பைவிட்டு விலகி, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்துதான் அவரைப் படுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பந்தை அடிக்கும் அவருடைய கவர் டிரைவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முன்கால் பந்தை நோக்கிப் போகும், முழங்கை உயரும், பந்து புல்லை ஒட்டி ஓடும். உலகமே கைதட்டிய ஷாட். சிட்னியில் அதை அவர் மூட்டைகட்டி வைத்துவிட்டார்.

இரண்டாம் நாள் சனிக்கிழமை. மார்கழிக் குளிரில், கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓடிக்கொண்டிருக்க, நானும் அப்பாவும் டிவியின் சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தோம். பிரெட் லீயும் கில்லஸ்பியும் வெளியே வெளியே போட்டார்கள். சச்சின் மட்டையைத் தூக்கிக்கொண்டு விட்டுவிடுவார். அடிக்கத் தோதாகக் கொஞ்சம் மேலே விழுந்த பந்தையும் விட்டார். "பாருடா, தொடவே மாட்டேங்கிறான்" என்றார் அப்பா. அவர் குரலில் இருந்தது வியப்பா ஏமாற்றமா என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பந்துவீச்சாளர்கள் சலித்துப்போய் நேராகப் போட்டதும் காலுக்குப் பின்பக்கமான லெக் சைடில் தட்டிவிடுவார். அன்று அவருடைய ரன்களில் பெரும்பகுதி அந்தப் பக்கம்தான் வந்தது. கடைசியில் 241, ஆட்டமிழக்காமல். 436 பந்து, 613 நிமிடம். பத்து மணி நேரத்துக்கும் மேல்!

விளையாட்டு வீரர்களைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றால் எல்லோரும் விடிகாலை ஓட்டம், உடற்பயிற்சி, சாப்பாட்டு அட்டவணை என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அவர்களுக்கு உடம்புதான் தொழில், பார்த்துக்கொள்ளப் பயிற்சியாளரும் பிசியோவும் உண்டு. நமக்குப் பேருந்தைப் பிடிக்கவே நேரம் போதாது. ஆனால் சிட்னியில் நடந்தது வேறு மாதிரி. "கவர் டிரைவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்" என்று அவர் இறங்கியிருந்தால், மணிக்கு 145 கிலோமீட்டரில் வரும் ஒவ்வொரு பந்துக்கும் இதை அடிக்கலாமா விடலாமா என்று யோசித்திருக்க வேண்டும். அதற்கு அரை விநாடிகூடக் கிடையாது. என் வடைத் தட்டும் அதே வேகத்தில்தான் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை சவரம் செய்யும்போதே முடிவெடுத்தேன். கடையில் சீனியும் கிடையாது, எண்ணெய்ப் பலகாரமும் கிடையாது. எவ்வளவு, எப்போது என்ற பேச்சே இல்லை. ஆனால் கடைக்குப் போவதை விடவில்லை. அந்தப் பதினைந்து நிமிடப் பேச்சு எனக்கு வேண்டும். போகாமல் மேலே உட்கார்ந்திருந்தால் இரண்டு வாரம்கூடத் தாங்கியிருக்க மாட்டேன். அதனால் அவித்த வேர்க்கடலையை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனேன், கையும் வாயும் சும்மா இருக்காது. கூடவே சீனி போடாத வரக்காப்பி. முதல் பத்து நாள் அது மருந்து மாதிரி இறங்கியது. தலைவலி, எரிச்சல், வீட்டில் மகளிடம் காரணமில்லாத கோபம். மூன்றாவது வாரத்தில் கசப்பு உறைக்காமல் போனது.

வெளியே போகும் பந்துகள் நிற்கவில்லை. பதவி உயர்வு, பிறந்தநாள், யாருக்கோ பேரன் பிறந்த சந்தோஷம். "ஒருநாள் சாப்பிட்டா என்ன ஆயிரும்" என்பார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள், அதனால்தான் விடுவது இன்னும் கஷ்டம். ஐப்பசியில் எடுத்த பரிசோதனையில் 7.3. மாத்திரையும் உண்டு, எல்லாம் வடையை விட்டதால்தான் என்று சொல்ல மாட்டேன். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு "இப்படியே போங்க" என்றார்.

இப்போது மறுபடியும் மார்கழி. நேற்று சாயங்காலம் நல்ல தூறல். மாஸ்டர் கேட்காமலே ஒரு வடையைத் தாளில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். "சார், மழைக்கு ஒண்ணு." தாளில் எண்ணெய் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற தம்பியிடம் அதைக் கொடுத்துவிட்டு, கடலைப் பொட்டலத்தைப் பிரித்தேன்.