நேப்பியர் குட்டை நோய்: அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்

மேற்குக் கென்யாவிலும் உகாண்டாவிலும் இரண்டு மூன்று கறவை மாடு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மாட்டைக் கட்டுத்தரையிலேயே நிறுத்தி, நேப்பியர் புல்லை அறுத்துப் போட்டு வளர்க்கிறார்கள். அந்தப் புல்லைக் குட்டையாக்கி, கடைசியில் தூரோடு சாகடிக்கிற நோய் ஒன்று அங்கே பரவியிருக்கிறது. காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியா. பரப்புவது ஒரு தத்துப்பூச்சி.

இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆள் உயரம் வளர்ந்து நிற்கும் புல்லில் தேடினால் ஒன்றும் தென்படாது. நோய் உள்ளே இருந்தாலும் முதல் வளர்ச்சி பச்சையாகவே நிற்கும். ஒரு முறை, சில சமயம் இரண்டு மூன்று முறை அறுத்த பிறகு வரும் துளிரில்தான் குட்டு உடையும். ஆகவே வயலைச் சுற்றிப் பார்க்க ஏற்ற நேரம், அறுத்து மூன்று நான்கு வாரம் கழித்து. பக்கத்துக் குத்துகள் முழங்காலைத் தாண்டியிருக்கும்போது ஒன்று மட்டும் சாண் உயரத்தில் நின்றால் அதன் முன்னால் உட்காருங்கள். இலை சிறுத்து, குறுகி, வெளிர் மஞ்சளாக இருக்கும். தண்டைப் பிளந்தால் கணுக்கள் ஒன்றையொன்று நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அடியில் ஒல்லி ஒல்லியாக ஏகப்பட்ட தூர் கிளம்பித் துடைப்பம் போல நிற்கும். மஞ்சள், நெருங்கிய கணு, அளவுமீறிய தூர் ஆகிய மூன்றும் ஒரே குத்தில் சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. மஞ்சளை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

ஏனென்றால் தழைச்சத்துக் குறைந்தாலும் புல் மஞ்சளாகும். ஆனால் அது அடி இலையில் தொடங்கும், வயலில் பரவலாகத் தெரியும், தூர் கூடாது, குறையும். சந்தேகம் இருந்தால் நான்கைந்து குத்துக்கு மட்டும் ஈரம் உள்ளபோது யூரியா போட்டுவிட்டு இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். சத்துக்குறை என்றால் பசுமை திரும்பும், நோய் அசையாது. அதே ஊர்களில் நேப்பியரைத் தாக்கும் கரிப்பூட்டை நோயிலும் புல் மெலியும். ஆனால் அது பூஞ்சாணம்; சீக்கிரமே பூத்து, கதிரில் கறுப்புப் பொடி கொட்டும். குட்டை நோயில் பொடி கிடையாது.

பாக்டீரியா என்றதும் சிலர் தண்டை வெட்டிக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டு, பால் போல இழை இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். தக்காளி வாடல் நோய்க்கு அது அருமையான சோதனை. இங்கே பலிக்காது. பைட்டோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது, சர்க்கரைச் சாறு ஓடும் சல்லடைக் குழாய்களுக்குள் மட்டும் குடியிருக்கும், இழையாக ஒழுகாது. 1967இல் ஜப்பானில் குட்டையான முசுக்கட்டைச் செடிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் இந்த வகை உயிரியே முதலில் பிடிபட்டது. அதுவரை இத்தகைய நோய்களை வைரஸ் கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள்.

கென்யாவில் இதைப் பரப்புவது மையெஸ்டாஸ் பாண்டா என்ற தத்துப்பூச்சி என்று 2009இல் உறுதியானது. ரெசிலியா பாண்டா என்பது அதன் பழைய பெயர். நோயுற்ற புல்லில் சாறு உறிஞ்சும்போது கிருமி பூச்சியின் குடலுக்குப் போய், அங்கிருந்து உடலுக்குள் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்த பிறகே அடுத்த புல்லுக்குத் தொற்றும். வலை வீசித் தத்துப்பூச்சி கிடைத்ததாலேயே வயலில் நோய் இருப்பதாகச் சொல்லிவிட முடியாது. கிடைக்கவில்லை என்பதும் நிம்மதிக்குரிய சேதி அல்ல.

உறுதி செய்ய, இலையில் கிருமியின் மரபணு இருக்கிறதா என்று ஆய்வகத்தில் தேடும் பிசிஆர் சோதனைதான் வழி. மாதிரி எடுப்பதில் கவனம் வேண்டும். கிருமி செடி முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. ஒரு குத்தில் மூன்று நான்கு தூரிலிருந்து இளம் இலையை எடுங்கள், நடுநரம்பு அதில் கட்டாயம் இருக்கட்டும். ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயலில் நன்றாக நிற்கும் ஒரு குத்தின் இலையையும் தனிப் பையில் அனுப்புங்கள். ஈரத்தோடு நெகிழிப் பையில் கட்டிவைத்தால் அழுகிவிடும். காகிதத்தில் சுற்றிக் குளிர்ச்சியில் வையுங்கள், அல்லது சிலிக்கா ஜெல் மணிகளோடு போட்டு உலர்த்துங்கள். பைட்டோபிளாஸ்மாக்களை மரபணுவை வைத்துத் தொகுதி தொகுதியாகப் பிரிப்பார்கள்; கென்ய மாதிரிகளில் கிடைத்தது 16எஸ்ஆர்-11 என்ற தொகுதி. நம் ஊர் நெல்லில் வரும் மஞ்சள் குட்டை நோயும், கரும்பைப் புல் புல்லாகத் தூர் கட்ட வைக்கும் நோயும் இதே தொகுதிக்காரர்கள்தான்.

அறுவாளைக் கழுவுவதில் தப்பில்லை, ஆனால் இந்த நோய் அறுவாளில் தொற்றுவதாகத் தெரியவில்லை. பூச்சிக்கு அடுத்தபடி இதை ஊர் ஊராகச் சுமப்பது நடவுக்கரணை. முதல் வளர்ச்சியைப் பார்த்து, "தளதளன்னு இருக்கே" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கரணை வாங்குவதுதான் பெரிய வினை. இரண்டு மூன்று முறை அறுத்த பிறகும் சீராகத் துளிர்த்த வயலிலிருந்து மட்டும் கரணை எடுக்க வேண்டும். நோய்ப்பட்ட குத்தை மட்டமாக அறுத்துவிட்டால் போதாது, அடிக்கட்டை மறுபடி துளிர்த்துப் பூச்சிக்குத் தீனியாகும். வேரோடு தோண்டி எடுங்கள். எருக்குழி ஓரம் பச்சையாக எறிந்தால் கணுவிலிருந்து முளைத்துக்கொள்ளும். அதனால் கணு காய்ந்து நொறுங்கும் வரை வெயிலில் போட்டு, பிறகு எரித்துவிடுங்கள்.