மிருதங்கக்காரரின் டாலர் கணக்கு

2025 ஆகஸ்ட் கடைசி வாரம், மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு அவர் படியேறி வந்தார். மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் முதல் மாடியில் இருக்கிறது என் ஆபீஸ். பத்துக்குப் பத்து அறை, ஒரு பிரிண்டர், உட்கார்ந்தால் முனகும் இரண்டு நாற்காலிகள். அந்த வருடம் வருமான வரி ரிட்டர்ன் போடும் ஜூலை 31 கெடுவைச் செப்டம்பர் 15-க்குத் தள்ளியிருந்தார்கள். அதனால் கூட்டம் குறையவில்லை, நீண்டது, அவ்வளவுதான்.

வந்தவர் மிருதங்க வித்வான். நாற்பது வருடமாகச் சபாக்களில் வாசிக்கிறவர். அவருக்கு ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தவர் வயதாகி மகன் வீட்டோடு போய்விட்டதால் என்னிடம் வந்தார். "பெருசா ஒண்ணும் இல்ல தம்பி, வழக்கம்போலத்தான். போன வருஷம் அமெரிக்கா போயிட்டு வந்தேன், அதை மட்டும் சேர்த்துக்கணும்" என்றார். எங்கள் தொழிலில் 'அதை மட்டும்' என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது.

பையிலிருந்து பாஸ் புக், அங்கே கொடுத்த பணத்தையும் பிடித்த வரியையும் காட்டும் 1042-எஸ் என்று தலைப்பிட்ட ஒரு அமெரிக்கக் காகிதம், தடித்த டைரி ஒன்று வெளியே வந்தன. கடைசியில் பட்டுத்துணியில் சுற்றிய ஒரு ரசீதும் வந்தது. அது ஒரு சிஷ்யனின் அரங்கேற்றத்தில் அவன் வீட்டார் போட்ட இரண்டு பவுன் சங்கிலியின் கடை பில். "இதுவும் உங்க கண்ணுல படட்டும்னு எடுத்துட்டு வந்தேன். குரு தட்சிணை. இதுக்கு வரி கிடையாது இல்லையா?" என்றார். நான் தலையை ஆட்டினேன், எந்தப் பக்கமும் சேராமல்.

பழைய ரிட்டர்னை எடுத்துப் பார்த்தேன். அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 44 ஏ.டி.ஏ. பிரிவில் போட்டிருந்தார்கள். அதாவது வரவில் பாதியை லாபம் என்று காட்டிவிட்டால் கணக்குப் புத்தகம் கேட்க மாட்டார்கள். டாக்டர், வக்கீல், இன்ஜினியர் போன்ற குறிப்பிட்ட தொழில்காரர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை. பட்டியலில் 'திரைக் கலைஞர்' உண்டு, அதைப் பிடித்துக்கொண்டு போட்டிருக்கிறார்கள். கோடம்பாக்கத்தைச் சுற்றி ஆபீஸ் வைத்திருக்கிற எவருக்கும் அந்த வரையறை மனப்பாடம்: நடிகர், கேமராமேன், இயக்குநர், இசையமைப்பாளர், கலை இயக்குநர், நடன இயக்குநர், எடிட்டர், பாடகர், பாடலாசிரியர், கதை, திரைக்கதை, வசனம் எழுதுகிறவர், உடை வடிவமைப்பாளர். அதில் பாடகர் இருக்கிறார், வாத்தியம் வாசிக்கிறவர் இல்லை. அதோடு எல்லாமே சினிமாத் தயாரிப்புக்கான வேலையாக இருக்க வேண்டும். நம்மவர் வருடத்தில் ஐந்தாறு ரெக்கார்டிங் போவார், மீதியெல்லாம் சபாக் கச்சேரி.

அந்தச் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

எங்கள் கூட்டத்துக்குப் பெயர் எதுவும் கிடையாது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, மேற்கு மாம்பலத்தில் ஒரு மெஸ், நாலு பேர். ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். குரோம்பேட்டை சாருக்கு எழுபது தாண்டிவிட்டது. நுங்கம்பாக்கம் ஆயகர் பவனில் வரிசையில் நின்று காகித ரிட்டர்னுக்கு முத்திரை வாங்கிய காலத்து ஆள். திருவான்மியூர் மேடம் ஆடிட்டர், ஐ.டி. கம்பெனிக்காரர்களின் வெளிநாட்டு ஷேர்களைப் பார்த்துப் பார்த்து, வெளிநாட்டில் கட்டிய வரியை இங்கத்திய வரியில் கழிக்கக் கேட்கும் படிவம் 67-ஐத் தூக்கத்திலும் நிரப்புவார். பெரம்பூர்க்காரர் இளைஞர், கடைக்காரர்களும் லாரிக்காரர்களும் அவரிடம். ஒரே ஒரு கட்டுப்பாடு: கட்சிக்காரரின் பெயர், பான் நம்பர், தெரு எதுவும் வாயில் வரக் கூடாது. மயிலாப்பூர், மிருதங்கம் என்று சொன்னாலே பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நான் "ஒரு தவில் வித்வான்" என்று ஆரம்பித்தேன். தவிலை விமானத்தில் எப்படி ஏற்றினார் என்று மேடம் கேட்க, நானும் ஏதோ சொல்லி வைத்தேன். இங்கேயும் தொகைகளை ரவுண்டாக்கி, சில அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

பெரம்பூர்க்காரர்தான் முதலில் பாய்ந்தார். "44 ஏ.டி.-யில போடுங்க சார். வரவுல ஆறு சதவீதம், எட்டு சதவீதம் லாபம்னு காட்டினா முடிஞ்சுது. சில சபாக்காரங்க கான்ட்ராக்ட்னு ஒரு சதவீதம்தானே வரி பிடிச்சிருக்காங்க?" அவர் சொன்னதில் பாதி உண்மை. பிடித்த வரியைக் காட்டும் 26 ஏ.எஸ். படிவத்தில் சில சபாக்கள் கான்ட்ராக்டுக்கான 194 சி-யிலும், சில தொழில் கட்டணத்துக்கான 194 ஜே-யில் பத்து சதவீதமாகவும் பிடித்திருந்தன. குரோம்பேட்டை சார் காபியை ஆற்றிக்கொண்டே, "டி.டி.எஸ். பிடிக்கிறவன் எந்தப் பிரிவுல பிடிச்சான்கிறது உன் வருமானத்தோட ஜாதகம் இல்லப்பா. 44 ஏ.டி. வியாபாரத்துக்கு. கச்சேரி வியாபாரமா?" என்றார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ரெண்டும் வேண்டாம். சாதாரணமா ஐ.டி.ஆர். 3 படிவத்துல ரிட்டர்ன் போடு, நிஜச் செலவைக் கழி. 44 ஏ.டி.ஏ. அவருக்குப் பொருந்தாதுன்னா, பாதிக்குக் கீழே லாபம் காட்டினா ஆடிட் பண்ணணும்கிற தொல்லையும் பொருந்தாது. வரவு ஐம்பது லட்சத்தைத் தாண்டினாத்தான் ஆடிட். ஆனா கணக்கு எழுதியிருக்கணும். எழுதியிருக்காரா?"

தெரியாது என்றேன். செலவுகள் என்னென்ன? தெரியாது. அமெரிக்காவில் கொடுத்தது எவ்வளவு, பேங்கில் விழுந்தது எவ்வளவு? விழுந்தது 4,200 டாலர் என்றேன். மேடம் கையை நீட்டி, என் போனில் இருந்த 1042-எஸ் படத்தில் பெயரை விரலால் மறைத்தபடியே பார்த்தார். "சார், இதுல மொத்தம் ஆறாயிரம்னு இருக்கு. ஆயிரத்து எண்ணூறு பிடிச்சுட்டாங்க. நீங்க வருமானமா எதைக் காட்டப்போறீங்க?"

4,200-ஐத்தான் காட்டுவதாக இருந்தேன். வெட்கமாக இருந்தது. சம்பளக்காரருக்கு டி.டி.எஸ். போக வந்த பணத்தை வருமானம் என்று நான் எழுதுவேனா? டாலர் என்றதும் புத்தி மழுங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலை வித்வான் வீட்டுக்கே போனேன். கூடத்தில் ஒரு பையன் சொற்கட்டு சொல்லிக்கொண்டிருந்தான். மூலையில் வாரைத் தளர்த்திய மிருதங்கம் ஒன்று கிடந்தது. டைரியைப் பிரித்துக் கேட்டேன். அதுவரை கச்சேரிக் குறிப்பு என்று நினைத்துத் தள்ளி வைத்திருந்த அந்த டைரி, நான் பார்த்ததிலேயே ஒழுங்கான கணக்குப் புத்தகம். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, இடம், பாடியவர், வயலின் யார், தனி ஆவர்த்தனம் எந்தத் தாளத்தில், எத்தனை நிமிடம். வலது மூலையில் பென்சிலில் தொகை. சில இடத்தில் தொகைக்குப் பதில் ஒரு சுழி: கோயில் கச்சேரி, பணம் வாங்கவில்லை. நடுநடுவே "வலந்தலை மாற்றியது", "மூட்டு இரண்டு", "ஆட்டோ" என்று செலவுகள். மிருதங்கம் வேலை செய்கிறவர் பில் தருவதில்லை, ரொக்கம்தான். ஒரே நாளில் ஒருவருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு கழிவாகாது. வரிவரியாகப் பார்த்தேன், ஒரே ஒரு இடத்தில்தான் தாண்டியிருந்தது. அதை விட்டுவிட்டு மீதியைக் கேஷ் புக்காக எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கினேன். ஜி.எஸ்.டி. பற்றியும் கேட்டார். வரவு இருபது லட்சத்துக்கு வெகு கீழே. போதாததற்கு, சாஸ்திரிய இசைக் கச்சேரி ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் வரை விலக்கே இருக்கிறது.

அமெரிக்கப் பயணத்துக்கு டிக்கெட், வாத்தியத்துக்கான கூடுதல் பாரம் என்று அவர் கையிலிருந்து போனது 1,40,000 ரூபாய். எல்லாவற்றுக்கும் ரசீது இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் மெஸ். இந்த முறை டாலரை எந்த ரேட்டில் ரூபாயாக்குவது என்ற பேச்சு அரை மணி நேரம் ஓடியது. மார்ச் 31 அன்று ஸ்டேட் பேங்கின் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் வாங்கும் விலை, அதாவது பேங்க் டாலரை வாங்கிக்கொள்ளும் ரேட் என்றேன். அப்போதைய வருமான வரி விதிகளில் 115-ஆம் விதி தொழில் வருமானத்துக்கு அதைத்தான் சொன்னது. மேடம் அடுத்த உட்பிரிவைக் காட்டினார்: அந்தத் தேதிக்கு முன்பே முறைப்படி இந்தியாவுக்குள் கொண்டுவந்துவிட்ட பணத்துக்கு அந்த விதி பொருந்தாது, வந்து விழுந்த ரூபாயே கணக்கு. 4,200 டாலர் 2024 ஜூலையிலேயே வந்துவிட்டது. வராமலே போன 1,800-க்குத்தான் மார்ச் 31 ரேட். இதோடு விட்டதா? பிடித்த வரியைக் கிரெடிட்டாக, அதாவது இங்கத்திய வரியில் கழிக்கக் கேட்கும்போது 128-ஆம் விதிப்படி வேறு தேதி: வரி பிடித்த மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். மே மாதம் பிடித்தார்கள், ஆகவே ஏப்ரல் 30. ஒரே 1,800 டாலருக்கு வருமானப் பக்கம் ஒரு ரேட், வரிப் பக்கம் இன்னொரு ரேட். பெரம்பூர்க்காரர் சிரித்துவிட்டார். பழைய ரேட் எங்கே கிடைக்கும் என்று நான் தேடிக்கொண்டிருக்க, மேடம் மாதக் கடைசி ரேட் தாள்களை வருடக்கணக்கில் சேமித்து வைத்திருந்தார். அன்று இரவே அனுப்பினார். இதற்காகவே அவருக்கு ஆயுசுக்கும் காபி வாங்கித் தரலாம்.

அமெரிக்காவுக்கு வரி பிடிக்க உரிமை உண்டா என்றும் பார்த்தோம். இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்தின் 18-ஆம் பிரிவு கலைஞர்களுக்கானது. பயணச் செலவும் கச்சேரிச் செலவும் போக நிகர வருமானம் 1,500 டாலருக்கு மேல் போகாவிட்டால் அங்கே வரி இல்லை. இவருக்குச் செலவு போகவே நாலாயிரத்துக்கு மேல், ஆக அங்கேயும் உண்டு.

சங்கிலி விஷயத்தை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். உறவுக்காரர் அல்லாதவர் தரும் பரிசு ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் முழுவதும் வருமானம், இரண்டு பவுன் அன்றைய விலையில் லட்சத்துக்கு மேல். ஆனால் அது பரிசா, தொழில் வரவா? குரோம்பேட்டை சார் கண்ணை மூடிக்கொண்டார். "கிருஷ்ண மேனன் கேஸ். 1958, சுப்ரீம் கோர்ட். திருவிதாங்கூர்ல வேதாந்தம் சொல்லிக்கொடுத்தவர். லெவின்னு ஒரு வெள்ளைக்கார சிஷ்யர் பணம் கொடுத்தார். பக்தியில கொடுத்தது, நான் கேட்கலைன்னார். சொல்லிக்கொடுத்ததனாலதானே வந்தது, அது அவர் தொழில் வருமானம்னு தீர்ப்பு." அதற்கு மேல் யாரும் பேசவில்லை. சங்கிலியைத் தொழில் வரவில் சேர்த்தேன். எப்படிப் போட்டாலும் வரி வரும் என்பதால் வித்வானிடம் தீர்ப்பின் கதையைச் சொன்னேன். கதையை ரசித்துக் கேட்டுவிட்டு, "வேதாந்தத்துக்கே போட்டானா?" என்றார். அதோடு சமாதானமாகிவிட்டார்.

இனி கணக்கு. அந்த வருடத்துக்கான புது வரி முறையில் மொத்த வருமானம் ஒன்பது லட்சம். வரி நாற்பதாயிரம், செஸ் சேர்த்து 41,600. அதில் அமெரிக்க வருமானம், செலவு போக 3,60,000. ஆக அந்தப் பங்குக்கு இங்கே விழும் வரி 16,640. அங்கே பிடித்ததோ ஏறக்குறைய ஒன்றரை லட்சம். இரண்டில் எது குறைவோ அதுதான் கிரெடிட். இதை அவரிடம் சொல்வதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. "அவங்க ஒன்றரை லட்சம் எடுத்துட்டாங்க, நீங்க பதினாறாயிரம் தர்றீங்க. மீதி யார்கிட்ட?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மீதி அமெரிக்காவிடம். அங்கே முப்பது சதவீதம் மொத்த வரவின் மேல் பிடித்தது. 1040-என்.ஆர். என்ற ரிட்டர்னைப் போட்டுச் செலவைக் கழித்தால், அங்கே நிஜமாக வர வேண்டிய வரி நானூற்றுச் சொச்சம் டாலர்தான். அந்த வரியும் நம் 16,640-ஐ விட அதிகம் என்பதால் இங்கே எடுத்த கிரெடிட்டுக்கும் ஆபத்து இல்லை.

செப்டம்பர் 10 அன்று முதலில் படிவம் 67, பிறகு ரிட்டர்ன். வெளிநாட்டு வருமான அட்டவணையில் அந்த நாட்டு வரி எண் கேட்டது. அது இல்லாததால் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டேன். இரண்டு முறை பக்கம் தொங்கி, மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டது. 38,000 டி.டி.எஸ். போயிருந்ததால் 13,040 திரும்பி வர வேண்டும். ரிட்டர்னைச் சரிபார்த்துப் பெங்களூரிலிருந்து அனுப்பும் 143(1) நோட்டீஸ் வந்த அன்று, கிரெடிட் இருந்த இடத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு ரூபாய் கூடக் குறைக்கவில்லை.

பழைய வருடங்களின் ரிட்டர்னைப் பற்றியும் அவரிடம் பேசினேன். பாதி லாபம் காட்டி வரி கட்டியிருந்தார், டைரிப்படி நிஜ லாபம் அதைவிடக் குறைவுதான், அரசுக்கு நஷ்டமில்லை. அப்படியே விட்டுவிடலாம் என்பது குரோம்பேட்டை சார் கருத்து. என் கருத்தும் அதுவே.

அமெரிக்க ரிட்டர்ன்தான் பாக்கி. அங்கத்திய வரி எண் இல்லாததால் டபிள்யூ-7 விண்ணப்பத்தையும் கூடவே காகிதத்தில் அனுப்ப வேண்டும். அதற்கு அசல் பாஸ்போர்ட் வேண்டும், அல்லது பாஸ்போர்ட் கொடுத்த அலுவலகமே சான்றளித்த நகல். அந்த ஊர் ரிட்டர்ன் எனக்குப் பழக்கமில்லாததால் மேடத்துக்குத் தெரிந்த ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறேன். கெடு தேதியிலிருந்து 16 மாதத்துக்குள், அதாவது 2026 அக்டோபருக்குள் போடாவிட்டால் செலவைக் கழிக்கும் உரிமையே போய்விடும் என்று வித்வானிடம் சொன்னேன். பாஸ்போர்ட்டைக் கேட்டேன். டைரியைப் புரட்டிப் பார்த்தார். டிசம்பர் பக்கங்கள் பென்சில் குறிப்புகளால் நிரம்பியிருந்தன, நடுவில் ஒரு சிங்கப்பூர்க் கச்சேரி வேறு.

"மார்கழி முடியட்டும் தம்பி" என்றார்.