ஸ்டாப்வாட்சுடன் இரண்டு நாள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். போன மாதம் ஒரு முதலாளி கூப்பிட்டார். துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கிற ஓவர்லாக் மிஷின் இன்னும் இரண்டு வாங்கலாமா என்பதுதான் கேள்வி. மனதுக்குள் வாங்கிவிட்டார், நான் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு நாள் ஸ்டாப்வாட்சுடன் லைனில் நின்றேன். ஓவர்லாக்கில் ஒரு பீஸ் இருபது வினாடியில் முடிகிறது. அடுத்து, ஓரத்தை மடித்துத் தைக்கிற பேட்லாக் மிஷினில் கீழ் மடிப்புக்கு முப்பத்திரண்டு வினாடி. அங்கேதான் கட்டுக்கட்டாகத் துணி குவிந்து கிடந்தது. ஓவர்லாக் கூட்டினால் குவியல்தான் கூடும். கைமடிக்கிற ஆளை பேட்லாக் பக்கம் மாற்றச் சொன்னேன்.

"ஏனுங்க, இதைச் சொல்லவா ரெண்டு நாள் நின்னீங்க?" என்றார்.

உண்மையில் பேட்லாக் அக்கா இதை முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் புலம்பல், நான் தாளில் எழுதினால் அறிக்கை. 1926இல் சிகாகோவில் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்தைத் தொடங்கியவர் கணக்கியல் பேராசிரியர். எனக்கு அந்த அந்தஸ்து இல்லை, சரி. அறிக்கையில் அக்காவின் பெயரையும் போட்டேன். முதலாளி அதைத்தான் இரண்டு முறை படித்தார்.

பில் இன்னும் பாஸாகவில்லை.