இயற்கைதானே என்று கேட்பவர்களுக்கு

காளான் சீசன் வந்துவிட்டால் கொடைக்கானலில் மெடிக்கல் வைத்திருப்பவனிடம் வருகிற கேள்விகளே மாறிவிடும். தலைவலி மாத்திரையோ வாந்தி மாத்திரையோ வாங்க வருகிற வெளியூர்ப் பையன்கள் பில் போடும் நேரத்தில் குரலைத் தாழ்த்தி ஆரம்பிப்பார்கள்: "அண்ணே, மஷ்ரூம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுல்ல? கெமிக்கல் எதுவும் கிடையாதே, இயற்கைதானே?" மஷ்ரூம் என்று அவர்கள் சொல்வது மலையில் ரகசியமாகக் கைமாறுகிற போதைக் காளானை. அது சட்டப்படி குற்றம், பிடித்தால் கேஸ் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும், அதைப் பற்றி நான் எழுத வரவில்லை. அந்த "இயற்கைதானே" என்கிற ஒரு வார்த்தைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கவுண்டரில் கூட்டத்துக்கு நடுவே சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

மூளையில் ஒரு நரம்புச் செல்லும் அடுத்த செல்லும் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் ஒரு இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரமாகப் பிரித்தால் கிடைக்கிற அளவு. இந்தப் பக்கத்துச் செல் செரோடோனின், டோபமின், அசிட்டைல்கோலின் மாதிரி ஒரு பொருளை அந்த இடைவெளியில் விடும். அந்தப் பக்கத்துச் செல்லின் மேற்பரப்பில் அதைப் பிடிப்பதற்கென்றே புரதங்கள் இருக்கின்றன, அவைதான் ரிசெப்டர், பாடப்புத்தகத் தமிழில் ஏற்பி. விட்ட பொருளைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள, விட்ட செல்லிலேயே வேறொரு புரதம் இருக்கும், அது டிரான்ஸ்போர்ட்டர். (அசிட்டைல்கோலினுக்கு மட்டும் ஏற்பாடு வேறு, பின்னால் சொல்கிறேன்.) காப்பி, பீடி, சாராயம், கஞ்சா, தூக்க மாத்திரை, மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதுகிற மாத்திரை என்று மனசின் நிலையை மாற்றுகிற பொருட்களில் முக்கால்வாசி இந்த இரண்டு இடங்களில் ஏதாவது ஒன்றில்தான் கை வைக்கின்றன.

வந்து ஒட்டுகிற மூலக்கூறு எங்கிருந்து வந்தது என்று ஏற்பி பார்ப்பதில்லை. செடியில் விளைந்ததா, பேக்டரியில் செய்ததா, மலைக்காட்டில் முளைத்ததா, அதற்கு ஒன்றுதான். வடிவம் பொருந்துகிறதா, மின்னேற்றம் சரியான இடத்தில் இருக்கிறதா, அவ்வளவே. ஏற்பி என்று ஒன்று இருக்க வேண்டும் என்று 1905-ல் கேம்பிரிட்ஜில் லாங்லி என்பவர் ஊகித்ததே இரண்டு தாவரப் பொருட்களை வைத்துத்தான். ஒன்று புகையிலையின் நிகோடின், மற்றொன்று தென் அமெரிக்காவில் அம்பு முனையில் தடவுகிற குராரே. நரம்பையே வெட்டிவிட்ட தசையிலும் நிகோடின் போட்டால் தசை சுருங்கியது, குராரே போட்டால் அந்தச் சுருக்கம் தடுக்கப்பட்டது. இரண்டுமே சுத்தமான இயற்கை, ஒன்று தூண்டுகிறது, மற்றது முடக்குகிறது.

நம்ம தாண்டிக்குடி, பண்ணைக்காடு காப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் சேரும், அது தன் ஏற்பியில் உட்கார்ந்தால் அசதி, தூக்கம். காஃபின் போய் அந்த ஏற்பியில், பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி, இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தானும் வேலை செய்யாது, அடினோசினையும் உட்கார விடாது. களைப்பு எங்கேயும் போய்விடவில்லை, செய்தி போகவில்லை என்பதுதான் விஷயம். காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது, சாயங்காலக் காப்பி ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது அதனால்தான்.

இப்போது காளானுக்கு வருவோம். அதில் இருக்கிற சிலோசைபினை 1958-ல் சுவிட்சர்லாந்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் பிரித்தெடுத்தார். உடம்புக்குள் போனதும் அது சிலோசின் என்ற பொருளாக மாறும், வேலையைச் செய்வது அதுதான். சிலோசினின் கட்டமைப்பு செரோடோனினுக்கு ஏறக்குறைய ஒன்றுவிட்ட தம்பி. செரோடோனினுக்கு நம் உடம்பில் பத்துக்கும் மேற்பட்ட வகை ஏற்பிகள் உண்டு, அவற்றில் 2ஏ என்கிற வகையை சிலோசின் தூண்டுவதால்தான் சுவர் அசைவதும் நிறங்கள் மாறுவதும் "நான்" என்பதே கரைந்த மாதிரி ஆவதும். இது வெறும் யூகம் கிடையாது. 1998-ல் சூரிச்சில் ஒரு குழு, அந்த 2ஏ ஏற்பியை அடைக்கிற மருந்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு சிலோசைபினைக் கொடுத்துப் பார்த்தது, அந்தத் தோற்றங்கள் வரவில்லை. காளானில் மந்திரம் எதுவும் இல்லை, ஒரு குறிப்பிட்ட ஏற்பியில் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறு. அந்த ஏற்பி உங்கள் மூளையில் எப்போதும் வேலையில் இருக்கிற ஒன்று, அதோடு நீங்கள் தினம் போடுகிற மாத்திரையும் அதே செரோடோனினோடு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

இதைத்தான் ஒரு பையன் விஷயத்தில் நேரில் பார்த்தேன். மழை பெய்துகொண்டிருந்த மத்தியானம், கூட்டம் இல்லை. சட்டைப் பையிலிருந்து மனச்சோர்வுக்குக் கொடுக்கிற எஸ்சிட்டலோப்ராம் மாத்திரையின் பாதி காலியான அட்டையை எடுத்து கண்ணாடி மேல் வைத்தான், நாலு பக்கமும் மடிந்து, பின்பக்கப் படலம் பிய்ந்து தொங்கியது. "அண்ணே, இத நிறுத்திட்டா மஷ்ரூம் நல்லா ஏறுமாமே, எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்?" என்று கேட்டான். எங்கேயோ படித்திருக்கிறான், படித்ததில் பாதி சரியும்கூட. இந்த வகை மாத்திரைகள் செரோடோனின் டிரான்ஸ்போர்ட்டரை அடைக்கின்றன, வழக்கமான டோஸிலேயே மூளையில் இருக்கிற அந்த டிரான்ஸ்போர்ட்டரில் சுமார் 80 சதவீதம் அடைபட்டுப்போகும். இடைவெளியில் செரோடோனின் கூடுதல் நேரம் தங்கும், வாரக்கணக்கில் அப்படியே இருக்கும்போது ஏற்பிகளும் அதற்குத் தக்கபடி தங்களை மாற்றிக்கொள்ளும். மாத்திரை முதல் நாளே டிரான்ஸ்போர்ட்டரை அடைத்துவிட்டாலும் மனசு தெளிய சில வாரங்கள் ஆவது அந்த மாற்றத்துக்கு நேரம் பிடிப்பதால்தான் என்று கருதப்படுகிறது. அப்படிப் பழகிவிட்ட மூளையில் காளானின் வேகம் பலருக்கு மட்டுப்படுகிறது என்பது உண்மை.

ஆனால் அதற்காக மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும்? டிரான்ஸ்போர்ட்டர் சில நாட்களில் திறந்துகொள்ளும், ஏற்பிகள் அதற்குள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்காது. தலைசுற்றல், தலைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற வெட்டு, தூக்கமின்மை, சின்ன விஷயத்துக்கும் அழுகை, எரிச்சல், அப்புறம் எந்த நோய்க்காக மாத்திரை தொடங்கினார்களோ அதே நோய் திரும்பி வருவது. அந்த நிலையில் இருக்கிறவன், யாரும் தெரியாத ஊரில், குளிரில், ஒவ்வொரு காளானிலும் எவ்வளவு சரக்கு இருக்கிறதென்றே தெரியாமல் அதைச் சாப்பிடுகிறான் என்று நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் மனச்சோர்வுக்கு சிலோசைபின் ஆராய்ச்சி நடக்கிறதே என்று கேட்பார்கள். நடக்கிறது. அங்கே மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுக்கிறார்கள், கூடவே ஆள் உட்கார்ந்திருப்பார், குடும்பத்தில் யாருக்காவது சைக்கோசிஸ், அதாவது நிஜம் எது பிரமை எது என்று பிரிக்க முடியாத மனநோய், இருந்தால் பொதுவாகச் சேர்த்துக்கொள்வதே இல்லை. மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வகைப் போதைப் பொருட்களால் வலிப்பு வந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. இதையெல்லாம் அவனிடம் பொறுமையாகச் சொன்னேன். மழை விடும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், அங்கிருந்தே தன் டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினான், ஒரு அட்டை மாத்திரை வாங்கிக்கொண்டு போனான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது இந்த மலைக்காரர்களுக்கே. வேலியோரங்களில் மஞ்சளாக, வெள்ளையாகத் தலைகீழாகத் தொங்குகிற பெரிய பூ, சாயங்காலமானால் வாசனை தூக்கும், ஊமத்தை இனத்துக்குச் சொந்தக்கார மரம். அதையும் போதைக்காகச் சாப்பிட்டுப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதில் ஸ்கோபோலமின், அட்ரோபின் இரண்டும் இருக்கின்றன. அவை அசிட்டைல்கோலினைப் பிடிக்கிற ஏற்பிகளில் மஸ்காரினிக் என்கிற வகையை அடைத்துவிடும், அடைபட்டால் வாய் வறண்டு, கண்மணி விரிந்து, வியர்க்காமல் உடம்பு கொதித்து, நெஞ்சு படபடத்து, சிறுநீர் கட்டிக்கொண்டு, எதிரே இல்லாத ஆளோடு மணிக்கணக்கில் பேசுவார்கள். அது இல்லாத ஆள் என்றே அவர்களுக்குத் தெரியாது. ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் விஷத்தின் அளவு ஒன்றாக இருக்காது.

இதே அட்ரோபின்தான் நம் தோட்டக்காரர்களைக் காப்பாற்றுகிற ஊசி. பூண்டுக்கும் கேரட்டுக்கும் அடிக்கிற பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் வகை, அசிட்டைல்கோலினைச் சிதைக்கிற நொதியை முடக்கிவிடும். முன்னே சொன்ன தனி ஏற்பாடு இதுதான். அசிட்டைல்கோலினை முதலில் இடைவெளியிலேயே வெட்டித்தான் உடம்பு அப்புறப்படுத்துகிறது, அந்த வெட்டுகிற நொதி செத்துப்போனால் அசிட்டைல்கோலின் பொங்கி வழியும். எச்சில் ஒழுகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, நெஞ்சில் சளி நிறைந்து மூச்சு திணறுகிறவருக்கு ஆஸ்பத்திரியில் அட்ரோபினை ஏற்ற ஏற்ற நெஞ்சு உலரும். ஊமத்தையைத் தின்றவனிடம் நோயாக இருக்கிற அதே அடைப்பு இவரிடம் மருந்தாகிறது. எனக்கு இந்தத் தொழிலில் சலிக்காத விஷயம் இது. பூவிலும் ஊசியிலும் இருப்பது ஒரே மூலக்கூறு, போய் ஒட்டுவதும் ஒரே ஏற்பி. எவ்வளவு போகிறது, அந்த நேரத்தில் இடைவெளியில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் மிச்சமெல்லாம்.

நண்பன் எதையாவது சாப்பிட்டுவிட்டு நிலை தடுமாறினால், போலீஸுக்குப் பயந்து அறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். காட்டுக் காளானில் ஈரலையே அழிக்கிற வகைகள் உண்டு, அவற்றுக்கு வாந்தி பேதி ஆரம்பிக்கவே பாதி நாள் ஆகிவிடும், நடுவில் சரியாகிவிட்ட மாதிரியும் தெரியும். 108-க்குப் போன் பண்ணுங்கள். மிச்சமிருக்கும் காளானோ பூவோ, அவன் பையில் இருக்கிற மாத்திரை அட்டைகளோ, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் டூட்டி டாக்டரிடம் காட்டுங்கள். வலி மாத்திரையையும் விடாதீர்கள், டிரமடால் என்று பெயர் இருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள், ஏனென்றால் அது வலியை அடக்குகிற ஓபியாய்டு ஏற்பியோடு நிற்காமல் செரோடோனின் டிரான்ஸ்போர்ட்டரிலும் கை வைக்கிற மருந்து.