முகம் பார்க்க முடியாத கண்ணாடி

கோஸ்டா ரிகாவின் தலைநகர் சான் ஹோசேயிலிருந்து மோன்தேவெர்தேக்கு பஸ்ஸில் நாலு மணி நேரத்துக்கு மேல். மலையேறத் தொடங்கியதும் ஒரே வளைவு. என் வயிறு பட்ட பாட்டை எழுத வேண்டாம். ஏறக்குறைய 1400 மீட்டர் உயரத்தில் ஊர். காட்டுக்குள் போனால் மேகமே மரங்களுக்கு நடுவே நடந்து போகிறது. மழையில்லாமலே சட்டை நனைந்துவிட்டது.

கோஸ்டா ரிகா வரை நான் போனதே கிரேட்டா ஓட்டோ என்ற பட்டாம்பூச்சிக்காகத்தான். இறக்கை கண்ணாடி மாதிரி இருக்கும், அதனால் கண்ணாடிச் சிறகி என்று பேர்போனது.

"எஸ்பெஹீத்தோ!" என்று வழிகாட்டி கை நீட்டினார். எனக்கு இலைதான் தெரிந்தது. "இறக்கையைத் தேடாதீங்க, ஓரத்தைப் பாருங்க" என்றார். அப்புறம்தான் பிடிபட்டது: துருநிறத்தில் ஒரு மெல்லிய சட்டம், முன்னிறக்கை நுனிப்பக்கம் சாய்வாக ஒரு வெள்ளைக் கீற்று. நரம்புகளுக்கு நடுவே ஒன்றுமே இல்லை. அடியிலிருந்த இலையின் நீர்த்துளியைக்கூட எண்ணலாம். என் கேமராவின் ஆட்டோஃபோகஸும் இறக்கையைத் தாண்டிப் பின்னால் போய் நின்றது. நாற்பது படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் பாசி பிரமாதமாக வந்திருக்கிறது.

எஸ்பெஹீத்தோ என்றால் ஸ்பானிய மொழியில் குட்டி முகக்கண்ணாடி. நமக்கு ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி. இந்த இறக்கை முதல் வகை. ஜன்னல் கண்ணாடியைவிட ஒரு படி மேலே. சாய்த்துப் பார்த்தால் ஜன்னல் பளபளக்கும், இது பளபளக்காது. மேற்பரப்பு முழுக்க 400 முதல் 600 நானோமீட்டர் உயரத்தில், ஒன்றுக்கொன்று ஒழுங்கில்லாத குட்டித் தூண்கள். அந்த ஒழுங்கின்மைதான் ஒளி திரும்பாமல் தடுக்கிறது என்று ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே ஆய்வாளர்கள் 2015இல் கண்டார்கள்.

ஆண் பூச்சிகள் சில பூக்களிலிருந்து ஒரு கசப்பு வேதிப்பொருளை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்கின்றன. பெண்ணை ஈர்க்கும் வாசனைக்கும் அதுதான் மூலப்பொருள், பறவைகளை விரட்டவும் அதுதான். நம் ஊர் நீல வரியன் பட்டாம்பூச்சிகள் கிலுகிலுப்பைச் செடியை மொய்ப்பதும் இதே வகைச் சரக்குக்காகத்தான்.

இதன் புழு தின்னும் செடியை வழிகாட்டி காட்டியபோதுதான் நிஜமாகவே திகைத்தேன். செஸ்ட்ரம், கத்தரிக்காய்க் குடும்பம். எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் இரவு மல்லியும் இதே பேரினம்தான். அதன் பூர்வீகமும் இந்தப் பக்கம்தான்.

ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "செடி மட்டும் நம்ம ஊருக்கு வந்துடுச்சும்மா, பூச்சி வரல."

"நல்லதாப் போச்சு. வந்திருந்தா ஒரு இலை மிஞ்சியிருக்குமா?"